சுட்டியும் கையும்

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் அறிவைப் பேசுவர். அவற்றைப் பிடித்த கையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மண்வெட்டிக்குப் பிடி போடும் தச்சருக்கு இந்த மறதி கிடையாது. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே பாத்தி கட்டுவோர் பிறருடைய மண்வெட்டியை வாங்கி வேலை செய்யத் தயங்குவர். பிடியின் நீளம் தம் உயரத்துக்கு ஒத்துவராவிட்டால் மாலையில் முதுகு அதனைச் சொல்லிவிடும். தவில் வாசிப்போரும் அவ்வாறே. வலக்கை விரல்களுக்கு அவர்கள் இடும் கூடுகள் அவரவர் விரலுக்கென்றே சுற்றிச் செய்யப்படுபவை. ஒருவர் கூடு மற்றவர் விரலுக்கு ஆகாது.

கணினியின் பக்கத்தில் வாலோடு கிடக்கும் சுட்டி என்னும் சிறு கருவியும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. மவுஸ் என்று உலகம் வழங்கும் இப்பொருள் தோன்றி 60 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது. கடிதம் எழுதுவோருக்கும் கணக்குப் பார்ப்போருக்கும் அதன் வடிவம் ஒரு பெரிய காரியமன்று. கையிற் கிடைத்தது போதும். கணினி விளையாட்டில் இறங்கியவர் நிலை வேறு. எதிரி திரையில் தோன்றி மறைவது ஒரு நொடியின் சிறு பகுதிக்குள். அந்தக் கணத்திலே கை ஒரு நூலளவு பிசகினாலும் ஆட்டம் போயிற்று. ஆதலாற் சுட்டியின் எடையையும், அது மேசையில் வழுக்கிச் செல்லும் தன்மையையும், பொத்தான் விரலுக்குக் கொடுக்கும் எதிர்ப்பையும் பொன் நிறுப்பவரைப் போல நிறுத்துப் பார்த்தவர்கள் விளையாட்டாளரே. அவர்களுடைய சொல் செய்வோரின் காதில் ஏறுவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வளர்ச்சியின் தலையாய ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாத ஆண்டுகளாக அமைந்தமை இவ்வரலாற்றின் மறுபக்கம்.

சுட்டியின் முதற் பிறப்பு மரத்தில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் இருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் பணிபுரிந்து வந்தார். திரையில் தெரியும் எழுத்தைக் கையாற் சுட்டிக் காட்டுவதற்கு ஏற்ற வழி யாது என்பது அவரை அலைக்கழித்த வினா. அவருடைய எண்ணத்துக்கு 1964 இல் உருக்கொடுத்தவர் உடன்பணியாளர் பில் இங்கிலிஷ். உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு உலோகச் சில்லுகள். மேலே ஒரு பொத்தான். ஒரு சில்லு கை இடம் வலமாகச் சென்ற தூரத்தை அளந்தது. மற்றையது முன் பின்னாகச் சென்ற தூரத்தை அளந்தது. வரைபடங்களின் பரப்பைக் காண்பதற்குப் பொறியியலாளர் வைத்திருந்த பரப்புமானி என்னும் பழைய கருவியே இதற்கு வழிகாட்டி. மின்கம்பி முதலில் மணிக்கட்டுப் பக்கமாக வெளிவந்தது. அது கையிற் சிக்கித் தொல்லை தரவே முன்புறத்துக்கு மாற்றப்பட்டது. கட்டையும் வாலும் எலியை நினைவூட்டின. அப்பெயரை முதலில் இட்டவர் யார் என்பது அந்த ஆய்வுகூடத்தாருக்கே நினைவில் இல்லாமற் போயிற்று.

எங்கல்பார்ட்டின் கூட்டத்தார் தாம் செய்த பொருளே சிறந்தது என்று கண்மூடிக் கொண்டாடவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடித் தண்டு, மேசைக்கு அடியிற் பூட்டி முழங்காலால் அசைக்கும் ஒரு பொறி ஆகியவற்றையெல்லாம் சுட்டியோடு போட்டியிட வைத்து, ஆட்களை அமர்த்தி, நேரத்தையும் பிழைகளையும் குறித்தனர். 1967 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு சுவையானது. புதிதாக வந்தவர்களின் கையில் முழங்காற் பொறி சுட்டிக்குச் சளைக்கவில்லை. பழகியவர்களின் கையிலோ சுட்டியே முந்தியது. பிழையும் அதிற் குறைவு. ஒளிப்பேனாவைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்திருந்தவர்க்குத் தோள் நொந்தது. சுட்டியைப் பிடித்த கையோ மேசையில் இளைப்பாறியபடியே வேலை செய்தது. பழகப் பழகக் கை தானே அறிந்துகொள்ளும் கருவி என்ற பெருமை சுட்டிக்கு அன்றே கிடைத்தது. பின்வந்த விளையாட்டாளர் தேடியதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் கூட்டம் ஒன்றின் முன்னே எங்கல்பார்ட் 90 நிமிடங்கள் தம் கணினி முறையைச் செய்து காட்டினார். அன்று அவருடைய வலக்கையில் இருந்தது சுட்டி. இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் மட்டும் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. ஒரு கை கட்டளையிட, மறு கை இடத்தைச் சுட்டியது. தவிலில் இடக்கை கழியையும் வலக்கை கூடு அணிந்த விரல்களையும் கொண்டு வெவ்வேறு வேலை செய்து ஒரே தாளத்தைக் கட்டுவது போன்ற ஏற்பாடு அது. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதன் நயம் எளிதில் விளங்கும். ஆயினும் இடக்கைப் பலகை வழக்கொழிந்தது. சுட்டி மட்டும் எஞ்சியது. இரு கைகளின் பங்கீடு மறுபடி உயிர்பெற ஏறக்குறைய 30 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. சுட்டிக்கான உரிமம் 1970 நவம்பரில் வழங்கப்பட்டது. 1987 இற் காலாவதியாயிற்று. சுட்டிகள் கோடிக்கணக்கில் விற்பனையான காலத்தில் எங்கல்பார்ட்டுக்கு அதனால் உரிமைப் பணம் எதுவும் வந்ததில்லை.

அதே 1968 இல் ஜேர்மனியின் ரெலிபுங்கன் நிறுவனமும், எங்கல்பார்ட்டின் முயற்சியோடு தொடர்பின்றி, சில்லுக்குப் பதிலாக உருண்டை வைத்த சுட்டியொன்றை வெளியிட்டது. பில் இங்கிலிஷ் சீறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்கு மாறிச் சென்று அங்கும் உருண்டைச் சுட்டியை அமைத்தார். அவையெல்லாம் விலையுயர்ந்த, எளிதிற் பழுதாகும் பொருள்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை 1980 இல் அப்பிள் நிறுவனத்தின் சார்பில் டீன் ஹோவி என்னும் இளம் வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கடைக்குச் சென்று வாங்கியவை வெண்ணெய் வைக்கும் பிளாஸ்ரிக் கிண்ணமும், அக்குளில் உருட்டிப் பூசும் வாசனைத் திரவியக் குப்பியும். குப்பியின் உருண்டையைக் கழற்றிக் கிண்ணத்தினுள் வைத்துப் பார்த்தார். கருவியின் வழி அங்கே புலப்பட்டது. பேரறிவாளர் பலர் சேர்ந்து தேடிய விடை சமையற்கட்டிலிருந்தும் வரக்கூடும் என்பதை நம்மவர் புதிதாகக் கேட்கவேண்டியதில்லை. 1983 இல் அப்பிளின் லீசா கணினியோடு வந்த சுட்டிக்கு ஒரே ஒரு பொத்தான். எதை அழுத்துவது என்று எவரும் திகைக்கலாகாது என்பது அந்நிறுவனத்தின் எண்ணம்.

சுவிற்சர்லாந்தில் இம்முயற்சி கடிகாரத் தொழிலின் கைத்திறனோடு கலந்தது. லோசான் நகரின் தொழினுட்பக் கல்லூரியில் பேராசிரியர் நிக்கூ அமைத்த அரைக்கோள வடிவச் சுட்டி, கைக்குழியை நிரப்பும் பொருளாக விளங்கியது. 1981 இல் அந்நாட்டின் சிற்றூர் ஒன்றிலே தொடங்கிய லொஜிரெக் நிறுவனம் இந்த மரபிற் கிளைத்ததே. அவ்வூரின் பெயர் அப்பிள்ஸ். அமெரிக்க நிறுவனத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவ்வாறு 1990 ஆம் ஆண்டளவிற் சுட்டி அலுவலகங்களுக்குரிய ஒரு சாதாரணப் பொருளாயிற்று. அவ்வாண்டு ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து முதலான பல பொருள்களோடு மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அடங்கின. கைவிளக்குக்கு இடும் சிறு மின்கலம் ஒன்று அங்கே கிடைத்தற்கரிய செல்வமாயிற்று. மாணவர் ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய சிக்கன விளக்கிற் பாடம் படித்தனர். வானொலி கேட்க விரும்பியோர் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை வானொலிப் பெட்டியோடு பிணைத்து, மிதியைக் கையாற் சுழற்றினர். சுழற்றும் வேகம் தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளரும். செய்தி முடியும்வரை ஒரே வேகத்திற் சுற்றுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். வீட்டில் அத்திறமை வாய்ந்த சிறுவனுக்கு மாலை நேரத்தில் மதிப்பு உயரும். கடலுக்கு அப்பால் அதே வயதுச் சிறுவரின் கை திரையிலே ஓர் அம்புக்குறியை ஓட்டப் பழகிக்கொண்டிருந்த காலம் அது.

அங்கே விளையாட்டு மாறத் தொடங்கியிருந்தது. 1993 டிசம்பரில் வெளியான டூம் என்னும் விளையாட்டை மிகப் பலர் விசைப்பலகை கொண்டே ஆடினர். ஆட்டக்காரரின் கண்களாகத் திரை அமைய, அவர் நடந்தும் திரும்பியும் சுடும் முறை அதில் வேரூன்றியது. 1996 ஜூனில் வந்த குவேக் விளையாட்டிலே தலையை உயர்த்தி மேலும் கீழும் பார்க்கவும் இடமிருந்தது. விசைகளை அழுத்தித் திரும்புவோர், சுட்டியை அசைத்துத் திரும்புவோருக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. டெனிஸ் பொங் என்னும் இளைஞர் முதலில் விசைப்பலகையை நம்பியிருந்து பின்னர் சுட்டிக்கு மாறியவர். 1997 இல் நடந்த குவேக் போட்டியில் வென்று, அவ்விளையாட்டை ஆக்கியோருள் ஒருவரான ஜோன் கார்மக்கின் பெராரி மோட்டார் வண்டியைப் பரிசாகப் பெற்றார். இடக்கை விசைகளின் மேல் நடையை நடத்த, வலக்கை சுட்டியாற் குறிபார்க்கும் முறை அவரால் எங்கும் பரவியது. எங்கல்பார்ட் 1968 இற் காட்டிய இரு கைப் பங்கீடு இவ்வாறு மீண்டது. மீட்டவர்கள் பதின்ம வயது இளைஞர். அந்தப் பழைய செய்முறைக் காட்சியை அவர்களுட் பலர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

குடாநாட்டில் அந்த 1996 எத்தகைய ஆண்டு என்பதைக் கேட்போர் மறந்திரார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி ஒரே இரவிற் பெயர்ந்தனர். 1996 ஏப்பிரல், மே மாதங்களிலேயே பெருந்தொகையானோர் மீண்டனர். கூரையற்ற வீடுகளைத் திருத்திக்கொண்டிருந்த கைகளுக்குச் சுட்டியின் செய்தி எட்டியிருக்க நியாயமில்லை.

குவேக் ஆடியோருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. உருண்டைச் சுட்டி மேசையின் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருண்டையைத் தொட்டுச் சுழலும் சிறு உருளைகளில் அழுக்கு மோதிரம் போலப் படியும். அதன்பின் கை நேராகச் சென்றாலும் திரையில் அம்புக்குறி நொண்டும். அடித்தட்டைத் திருகிக் கழற்றி, உருண்டையை வெளியே எடுத்து, உருளைகளை நகத்தாற் சுரண்டுவது அக்காலத்தில் எல்லோரும் அறிந்த வேலை. புழுதியும் உப்புக் காற்றும் மிகுந்த யாழ்ப்பாணத்தில், பின்னாளில் மின்பிறப்பாக்கியின் துணையோடு கணினி வகுப்புகள் நடந்தபோது, முதலிற் கற்பிக்கவேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

1999 ஆம் ஆண்டு இரு வேறு விடைகள் வந்தன. ரேசர் என்னும் பெயரில் அமெரிக்காவிலிருந்து வெளியான பூம்ஸ்லாங் சுட்டி, விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட முதற் சுட்டிகளுள் ஒன்று. அதில் உருண்டை இருந்தது. ஆனாற் கை ஓர் அங்குலம் அசைவதை 2000 படிகளாகப் பகுத்தறியும் நுட்பமும் இருந்தது. அக்காலத்துச் சாதாரணச் சுட்டிகள் சில நூறு படிகளையே கண்டன. மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதே ஆண்டு உருண்டையையே நீக்கியது. அதன் சுட்டியின் அடியில் ஒரு சிவப்பு விளக்கு மேசைப் பரப்பைச் சாய்வாக ஒளியூட்ட, மிகச் சிறிய ஒளிப்படக் கருவியொன்று நொடிக்கு 1500 படங்கள் எடுத்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மேசையின் நுண்ணிய சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்புநோக்கி, கை சென்ற தூரத்தைக் கணித்தது. அழுக்கு நுழைய வழியில்லை. எனினும் மிக விரைவாக வீசினால் படங்கள் ஒன்றையொன்று தொடாமற் போய், குறி எங்கோ பாயும். கையின் வேகத்துக்குக் கருவி தோற்ற இடம் அது. அக்குறையை விளையாட்டாளர் ஓயாது எடுத்துரைத்தனர். படங்களின் தொகை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. கை எவ்வளவு விரைந்தாலும் தவறாத உணரிகள் இன்று சாதாரணமாகிவிட்டன.

இதே மைக்ரோசொவ்ற் சுட்டிதான் வலக்கைக்கு ஏற்ற சாய்வையும் பெருவிரலுக்குரிய பள்ளத்தையும் பலருக்குப் பழக்கியது. உள்ளங்கை முழுவதையும் அதன்மேற் படியவைத்துப் பிடிப்போர் அதனைப் போற்றினர். விரல்களை நண்டின் காலைப்போல வளைத்துப் பிடிப்போரும், உள்ளங்கையைத் தொடவிடாது விரல் நுனிகளால் மட்டும் நடத்துவோரும் அதனைப் பாரமெனக் கண்டனர். இம்மூவகைப் பிடிகளையும் எந்த நிறுவனமும் வகுக்கவில்லை. விளையாட்டாளர் தமக்குள் வாதாடி வகுத்தவை அவை.

குடாநாட்டின் பிரிவு சிறிது சிறிதாக நீங்கியது. 2002 இல் யுத்தநிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தது. கணினிகளும் அதன் வழியே வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த 2009 இன் பின்னரே திறந்தது. 2013 இல் சுன்னாகத்துக்கு நாட்டின் பெரு மின்வலையமைப்பு வந்து சேர்ந்தது. எங்கல்பார்ட் மறைந்ததும் அவ்வாண்டு ஜூலையிலேதான். மரக்கட்டையிலிருந்து ஒளியுணரி வரையான படிகளை ஏனையோர் ஒவ்வொன்றாக ஏறினர். யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் நேரே மேற்படியிற் கால்வைத்தனர்.

அதனால் இம்மண்ணிற் கைக்கும் பொறிக்கும் உள்ள உறவைச் சிந்தித்தவர் எவருமிலர் என்று எண்ணிவிடலாகாது. சுண்டிக்குழியில் 1886 இற் பிறந்து 1907 இல் மலாயா நாட்டுக்குச் சென்ற இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு என்பது அவர் எதிர்நோக்கிய சிக்கல். ஒரு குறியை அடித்தபின் தாள் நகராமல் நிற்க, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும்படி செய்யும் நகரா விசை அதற்குத் துணைநின்றது. ஜேர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவருடைய பொறிகளைச் செய்து கொடுத்தது. தட்டச்சு மரபைத் தழுவிய பாமினி எழுத்துருவிற் பழகிய ஒருவர் கணினி விளையாட்டுக்கு அமர்ந்தால், நடைக்குரிய நான்கு விசைகளும் அவருக்கு ற, ய, ள, ன என்றே தோன்றும். முத்தையா கண்டால் நகைத்திருப்பார்.

விளையாட்டாளர் இன்று மிகுதியாக வாதிடுவது மூன்று பொருள்களைப் பற்றி. முதலாவது பொத்தானின் சொடுக்கு. அதனுள் இருப்பது வளைந்த மெல்லிய உலோகத் தகடு. ஏறக்குறைய 60 முதல் 80 கிராம் வரையான விசை பட்டதும் அது சட்டென்று மறுபுறம் தாவும். காதுக்கு ஒலியும் விரலுக்கு ஓர் அதிர்வும் அத்தாவலால் உண்டாவன. தாவிய தகடு தொடுமுனையில் ஒருமுறைக்குப் பலமுறை துள்ளும். அத்துள்ளலைக் கருவி கணக்கிற் கொள்ளாது சிறிது பொறுத்திருத்தல் வேண்டும். பொறுமை மிகுந்தால் ஆட்டம் தாமதிக்கும். குறைந்தால் ஒரு சொடுக்கு இரண்டாகும். தேய்ந்த சுட்டிகளில் இந்த இரட்டைச் சொடுக்கு நோய் எங்கும் காணக்கூடியது.

இரண்டாவது வழுக்கல். கரம் விளையாடியோருக்கு இதனை விளக்க அதிகம் பேசவேண்டியதில்லை. மின்சாரம் கேளாத விளையாட்டாதலால் அவ்விருண்ட ஆண்டுகளில் விளக்கடியிலே கரம் பலகை ஓய்ந்திருக்கவில்லை. பலகையிற் பவுடர் தூவாவிட்டால் ஸ்ரைக்கர் முதலில் ஒட்டிக்கொண்டு, பின் திடீரெனப் பாயும். நிற்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசையும் பொருளைச் செலுத்த வேண்டிய விசையிலும் பெரிது. சுட்டியிலும் அதே இடர். ஒரு நூலளவு திருத்த முயலும் கை, ஒட்டலை மீறியதும் இரு நூலளவு சென்றுவிடும். ஆகவே அடியில் ரெப்லோன் என்னும் வழுவழுப்பான பொருளாற் பாதங்கள் ஒட்டப்படுகின்றன. வழுக்கல் மிகுந்தாலும் தீங்குதான். விரும்பிய இடத்தில் நிற்காது.

மூன்றாவது எடை. கம்பியில்லாச் சுட்டிகள் மின்கலங்களைச் சுமந்தபோது அவற்றுட் சில 130 கிராமையும் கடந்தன. பாரமே தரம் என்று கருதி உள்ளே இரும்புத் துண்டுகள் இட்டுக்கொள்ள வசதி செய்த நிறுவனங்களும் உண்டு. தூக்கி வைத்துத் தூக்கி வைத்து ஆடுவோரின் மணிக்கட்டு அதற்கு மாறாகத் தீர்ப்புச் சொல்லியது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் மேலோட்டிலே தேன்கூடு போலத் துளையிட்டு 70 கிராமுக்கும் கீழே இறக்கப்பட்ட சுட்டிகள் சந்தைக்கு வந்தன. 2020 இல் லொஜிரெக் நிறுவனம் துளையே இல்லாமல், கம்பியும் இல்லாமல், 63 கிராமுக்கு உட்பட்ட சுட்டியொன்றைக் கொணர்ந்தது. பிழிந்து பிழிந்து ஐந்து கிராம் குறைப்பதற்குப் பொறியியலாளர் படும் பாடு, மரக்கட்டையின் எடையை எவரும் கேளாதிருந்த காலத்துக்கு வெகு தொலைவு.

இத்தனை வாதங்களுக்கும் இடையே இடக்கைக்காரர் பெரிதும் கவனிக்கப்படாதவராகவே நிற்கின்றனர். வலக்கையின் சாய்வுக்கு வார்க்கப்பட்ட சுட்டி அவர்களுக்குக் கல். இருபுறமும் ஒத்த வடிவமுள்ளவற்றிலும் பக்கப் பொத்தான்கள் பெரும்பாலும் வலக்கைப் பெருவிரலை எண்ணியே இடப்பக்கத்தில் வைக்கப்படுகின்றன. இடக்கைக்கென்றே வார்த்தவை மிகச் சில. அவையும் எப்போதும் கிடைப்பதில்லை. யாழ்ப்பாண நகரத்துக் கடையில் ஓர் இடக்கைச் சிறுவன் வந்து கேட்டால், விற்பவர் வலக்கைச் சுட்டியையே எடுத்து நீட்டி, பழகினாற் சரியாகிவிடும் என்று சொல்லக்கூடும்.